வித்தோரியோ கடையில் ஒரு சம்பந்தம்

குசினிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டதும் நீக்கிலாப்பிள்ளை மெனு அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"இந்தச் சீஸ் வாளியை ஆர் எடுத்தது? இப்ப இதிலதானே வைச்சனான்!"

இத்தாலியன் கடையின் குசினியில் கேட்கக்கூடாத மொழி. அதுவும் கலப்பில்லாத யாழ்ப்பாணத்துத் தமிழ். அட்டையின் விளிம்பால் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவைக் கையில் விரித்து, மேலே சுழற்றி எறிந்து, ஒன்றும் நடவாததுபோல ஏந்திக்கொண்டிருந்தார். நிறமும் மீசையும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

எதற்குப் பயந்து மொன்றியலில் வில்லரேப் பகுதியின் இந்த மூலைக்கு வந்தாரோ, அது அவருக்கு முன்பே வந்து தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

நீக்கிலாப்பிள்ளையின் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்பந்தம் பார்ப்பதென்றால் இரண்டு பகுதியும் ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திக்க வேண்டும். சாப்பிட வேண்டும். ஊர்ப்புதினம் கதைக்க வேண்டும். கலியாணம் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது. பிடித்திருந்தால் மறுநாள் தரகர் மூலம் சொல்லியனுப்புவது. பிடிக்காவிட்டால், சாப்பிடப் போனோம், வந்தோம். ஒருவருக்கும் தலைகுனிவில்லை. அவருடைய தகப்பனார் அப்படித்தான் செய்தார், அவருடைய தகப்பனாரும் அப்படித்தான். நீக்கிலாப்பிள்ளையோ பாஷையூரில் உப தபாலதிபராக இருந்தவர். ஊரின் இரகசியம் முழுவதும் உறை பிரிக்காமலே தெரிந்திருந்தும் ஒன்றையும் வெளியே விடாத மனிதர்.

அந்தக் கட்டுப்பாட்டை மொன்றியலில் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது. மகள் றொஷினிக்கு வந்த முதல் சம்பந்தத்தைப் பங்கு மண்டபத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காரில் ஏறுமுன் செய்தி பக்கத்து நகரமான லாவல்வரை போய்விட்டது. இரண்டாவதைக் கடைத்தொகுதியில் வைத்தபோது மூன்று குடும்பங்கள் வந்து கைகொடுத்து வாழ்த்தின. மூன்றாவதைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. ஒன்றும் சரிவரவில்லை. ஏனென்று கேட்டால் றொஷினி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"உங்களைத் தனிய விட்டிட்டு நான் போகமாட்டன் அப்பா."

வெறும் சாட்டு. ஊர் வாய்தான் காரியத்தைக் கெடுத்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. றொஷினிக்கு முப்பத்தொரு வயது. மனைவி திரேசம்மா கண்ணை மூடிப் பதினொரு வருடம். 2004ஆம் ஆண்டும் இப்படியே கழிந்தால் திரேசம்மாவின் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு மெழுகுதிரி கொளுத்துவது?

இந்த நிலையில்தான் பங்கிலே சம்பந்தம் பேசும் இமெல்டா தொலைபேசி எடுத்தார்.

"நல்ல இடம் அண்ணை. மன்னார் ஆக்கள். இல்-பிசாரில சொந்த வீடு. தாயும் மகனும்தான். அடக்கமான குணம். உங்கட மகளிட்டையும் கதைச்சிட்டன், அவவுக்கு நல்ல விருப்பம்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுப் பெண்ணின் பேரைத் தொலைபேசியில் சொல்லிக் கதைப்பது முறையல்ல. இமெல்டாவும் முறை தெரிந்தவர், சொல்லவில்லை.

"தமிழ் ஆக்களின்ர கண் படாத இடமாப் பார்" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

"வில்லரேயில ஒரு பழைய பீற்சாக் கடை இருக்கு அப்பா. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம்" என்றாள் றொஷினி.

உண்மைதான். வரவில்லை. உள்ளேயே இருந்தார்கள்.

கடை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. வைக்கோல் சுற்றிய வைன் போத்தல்களின் வாயில் பாதி உருகிய மெழுகுதிரிகள். மூலையில் ஒரு மாதா சுரூபம், தலைக்கு மேலே சின்ன மின்விளக்கு. வந்தவுடன் சிலுவை போட்டுக்கொண்டார். சுவர் நிறையச் சட்டம் போட்ட படங்கள்: நாற்பது வருடமாக இந்தக் கடையில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள், கலியாணம் நிச்சயித்தவர்கள். மரியாதையான கடை. அவரும் மரியாதையாகத்தான் வந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி. கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்க ஒரு கிழமையாக வீட்டில் ரொட்டியில் பழகியும் இருந்தார்.

றொஷினி கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள். அவர் தனியே. தொப்பிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"வணக்கம் அண்ணை. நான் இரவிச்சந்திரன். பதினாறு வருஷமா இங்கதான் நிக்கிறன். நீங்கள் ஊரில எவடம்?"

ஊரை மறைப்பது அவருடைய இரத்தத்தில் இல்லை. "பாஷையூர்."

"அப்பிடியே! நான் கொக்குவில். என்ன அண்ணை, கோட்டெல்லாம் போட்டு? ஏதும் விசேஷமோ?"

இரவிச்சந்திரனின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு நின்றது. நீக்கிலாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை.

"பிறந்தநாள்" என்றார்.

"ஓ... பிறந்தநாளோ. ஆருக்கு?"

மகளுக்கு என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே விழுங்கினார். மகளுக்கென்றால் எத்தனை வயதென்று அடுத்த கேள்வி வரும். மாப்பிள்ளை பகுதி வரும் நேரத்தில் வயதைக் கிளப்புவதா? அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நாவல் நிறச் சேலை கட்டிய ஓர் அம்மாவும், பின்னால் நெடுத்த ஒரு பெடியனும் உள்ளே வந்தார்கள். அவருடைய விரல் தன்பாட்டில் அந்தப் பக்கம் நீண்டது.

"அவவுக்கு."

"விளங்குது அண்ணை, நல்லா விளங்குது" என்று சொல்லிவிட்டு இரவிச்சந்திரன் துள்ளிக்கொண்டு குசினிக்குப் போனார்.

நீக்கிலாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். பெரிய ஆபத்தொன்று நீங்கியது.

வந்தவர் கத்தரின். பெடியன் அவருடைய மகன் றெனோல்ட். றொஷினியும் காரை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். யார் எங்கே இருப்பதென்று அவர் முன்பே மனத்தில் வரைபடம் போட்டு வைத்திருந்தார். பெரியவர்கள் எதிரெதிரே, பிள்ளைகள் ஓரமாக. ஆனால் கடைக்காரர் வித்தோரியோ, எழுபத்தைந்து வயதிலும் தும்புத்தடிபோல நிமிர்ந்த கிழவர், கத்தரினின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நீக்கிலாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டார்.

"அம்மா இந்தப் பக்கம் வந்தால்..." என்று நீக்கிலாப்பிள்ளை தொடங்கினார்.

"இருக்கட்டும் அப்பா. யன்னல் பக்கம் நல்ல வெளிச்சம்" என்றாள் றொஷினி.

பெடியனுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறாள் என்று எண்ணி அவர் விட்டுக்கொடுத்தார்.

பீற்சா வந்தது, மாட்டுவண்டிச் சில்லின் அளவில். நீக்கிலாப்பிள்ளை கத்தியையும் முள்ளையும் எடுத்து வெட்டத் தொடங்கினார். ரொட்டி இவ்வளவு இழுபடவில்லை. சீஸ் தட்டிலிருந்து வாய்வரை நூலாக வந்து, வாயிலிருந்து கழுத்துப்பட்டிக்கு இறங்கியது.

"கையாலை சாப்பிடுங்கோ. அவங்களே கையாலதான் சாப்பிடுறாங்கள்" என்றார் கத்தரின். சொல்லிவிட்டுத் தன் கைப்பையைத் திறந்து ஒரு குட்டிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். இடித்த மிளகாய்த்தூள்.

நீக்கிலாப்பிள்ளை அந்தப் போத்தலைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் கோட்டின் உள்பையில் கைவிட்டு, காகிதத்தில் மடித்த ஒரு சரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதுவும் மிளகாய்த்தூள். வெளியில் எடுக்க மானம் விடாமல் ஒளித்து வைத்திருந்தது.

கத்தரின் சிரித்தார். அவரும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டார். சம்பந்தியாகப் போகிறவருக்கு முன்னால் பல் தெரியக் கூடாது.

பிறகு விசாரணை தொடங்கியது. முறைப்படி பெண் பகுதி தொடங்க வேண்டும்.

"தம்பி எங்க வேலை?"

"புவாண்ட்-கிளேரில அங்கிள். வெயாஹவுஸ் ஒண்டில சூப்பவைசர்."

"குடி, சிகரெட் ஏதும்?"

பெடியன் தாயைப் பார்த்தான். "இல்லை அங்கிள்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்கள் குடிப்பியளோ?" என்றான்.

நீக்கிலாப்பிள்ளையின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. மாமனாரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பதில் சொல்லாமல் விட்டால் ஒளிக்கிறார் என்றாகிவிடும். "நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் ஒவ்வொரு கிளாஸ் வைன்."

"சீனி வருத்தம் இருக்கோ?" இது கத்தரின்.

பரம்பரை நோய் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்வி. "எங்கட பரம்பரையிலேயே ஒருத்தருக்கும் சீனியில்லை. பிறசர் கொஞ்சம். அதுவும் பேச வேண்டிய இடத்தில பேசாமல் விட்டால்தான் ஏறும்."

"இரவில நித்திரை வருமோ?"

"ஒன்பது மணிக்குப் படுத்தால் விடிய ஐந்துக்கு முழிப்பன்."

"குறட்டை?"

இது என்ன பரம்பரை நோய் என்று அவருக்கு விளங்கவில்லை. "கேட்டு ஒருத்தரும் முறைப்பாடு சொன்னதில்லை" என்றார்.

"சமையல்?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கலியாணம் முடிந்தபிறகும் கிழவன் மகளோடு ஒட்டிக்கொண்டு வருவானோ என்று ஆழம் பார்க்கிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்கு ஒருத்தற்ர தயவும் தேவையில்லை. நானே சமைப்பன், நானே தோய்ப்பன். கடைசிமட்டும் தனிய இருக்க எனக்குத் தெரியும்!"

கத்தரின் கண்ணாடிக் கிளாசை எடுத்துத் தண்ணீர் குடித்தார். றொஷினி மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தாள். சரியான பதிலுக்கு ஏன் இந்த மிதி? அவர் அவசரமாகத் திருத்தினார்.

"ஆனால் ஆரும் சமைச்சுத் தந்தால் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்."

கத்தரின் கிளாசை வைத்தார். "இஞ்சேருங்கோ, அந்த உப்பைக் கொஞ்சம் இங்கால தாறியளோ?"

உப்பை எடுத்த கை ஒரு கணம் நின்றது. இஞ்சேருங்கோ. திரேசம்மா அவரை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தச் சொல் காதில் விழுந்து பதினொரு வருடம். மன்னாரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு உப்பைக் கொடுத்தார். இமெல்டா சொன்னது சரி. நல்ல குடும்பம். பிள்ளை கொஞ்சம் வாய்க்காரன். தாய் தங்கம்.

அவர் இப்படி நம்பிக்கை கொள்ளத் தொடங்கிய நேரத்தில் கடையின் விளக்குகள் பாதியாய்க் குறைந்தன.

குசினிக் கதவு திறந்தது. முன்னால் வித்தோரியோ, தோளில் அக்கோடியன். பின்னால் இரவிச்சந்திரன், கையில் கேக், கேக்கில் மெழுகுதிரி. அதற்குப் பின்னால் பரிமாறுகிற பெண், கையில் தங்கத்தாள் ஒட்டிய காகித முடி. கடையில் இருந்த அத்தனைபேரும் ஆளுக்கொரு மொழியில் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். வித்தோரியோ காகித முடியைக் கத்தரினின் தலையில் வைத்தார்.

"எனக்கு ஐப்பசியிலெல்லோ பிறந்தநாள்?" என்றார் கத்தரின்.

நீக்கிலாப்பிள்ளைக்கு வேர்த்தது. கத்தரினின் காதுப்பக்கம் குனிந்து சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. குசினியில எங்கட ஆள் ஒருத்தர் நிக்கிறார். நாங்கள் வந்த விஷயம் ஊருக்குள்ள போகக்கூடாதெண்டு நான்தான் ஒரு பொய் சொன்னனான்."

கத்தரின் அவர் பக்கம் திரும்பினார். "எத்தினை வயசெண்டு சொன்னனீங்கள்?"

"வயசு சொல்லேல்லை."

"அப்ப காரியமில்லை" என்று காகித முடியைச் சரிசெய்துகொண்டு மெழுகுதிரியை ஊதி அணைத்தார். கைதட்டல் எழுந்தது. "அவர் போன பிறகு எனக்கு ஒருத்தரும் கேக் வெட்டினதில்லை. பொய்யெண்டாலும் நல்லாத்தான் இருக்கு."

நீக்கிலாப்பிள்ளைக்கு நெஞ்சு இளகியது. இப்படியொரு மாமி கிடைத்தால் றொஷினி கொடுத்துவைத்தவள்.

வித்தோரியோ பிரெஞ்சில் ஏதோ முழங்கினார். கடை முழுவதும் சிரித்தது.

"என்னவாம்?" என்று மகளிடம் கேட்டார்.

"முதல் துண்டைப் புருஷன்தான் தீத்த வேணுமாம். கடைச் சட்டமாம். அவர் உங்களைச் சொல்லுறார் அப்பா." றொஷினி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, இருமுகிறாளா?

நீக்கிலாப்பிள்ளை எழுந்தார். நான் இவருடைய புருஷன் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், அப்போ யார் என்று கேட்பார்கள். யாரென்று சொன்னால், ஏன் வந்தீர்கள் என்பார்கள். கேக்கைப் பிடித்துக்கொண்டு இரவிச்சந்திரன் காதைக் கூராக்கி நிற்கிறார். நாளைக்கு ஊர் முழுதும் தெரிந்துவிடும். குடும்ப மானத்தை எண்ணிப் பார்த்தார். அந்த மானத்துக்காக ஐந்து நிமிடம் புருஷனாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முள்ளால் ஒரு துண்டு கேக்கை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கத்தரினின் வாயை நோக்கி நீட்டினார்.

பளிச்சென்று வெளிச்சம். கண்ணைத் திறந்தபோது வித்தோரியோவின் கையில் ஒரு பழைய கமெரா. எடுத்த உடனே படம் வெளியே வரும் சாதி. கிழவர் படத்தை விசிறி விசிறிக் காயவைத்து, வாசலுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும் இடத்தில், ஊசி குத்தி மாட்டினார்.

மகளுக்குச் சம்பந்தம் பார்க்க வந்து, மாப்பிள்ளையின் தாய்க்குக் கேக் தீத்தி, சுவரிலும் ஏறியாகிவிட்டது.

பரவாயில்லை. சம்பந்தம் சரிவந்தால் எல்லாம் சிரிப்போடு போய்விடும். கேட்டால் உறவுக்காரர் என்று சொல்லலாம்.

"அக்கா, எனக்கும் ஒரு துண்டு வெட்டுங்கோ" என்றான் றெனோல்ட்.

நீக்கிலாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி, இப்ப என்ன சொன்னீர்?"

"கேக் கேட்டனான் அங்கிள்."

"அதுக்கு முதல்?"

"அக்கா எண்டு."

"ஆரை?"

பெடியன் றொஷினியைக் காட்டினான். "அவவை."

"அவனுக்கு என்னிலும் நாலு வயசு குறைவு அப்பா. வேற எப்பிடிக் கூப்பிடுறது?" என்றாள் றொஷினி, ஒன்றுமே நடவாததுபோலக் கேக்கை வெட்டிக்கொண்டு.

நாலு வயது குறைவு! இமெல்டா இதைச் சொல்லவேயில்லை. அது ஒருபுறம். அக்கா என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்துவிட்டால் அதற்குமேல் சம்பந்தத்தில் பேச என்ன இருக்கிறது? பெண் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. அதையும் கேக் கேட்கிற சாட்டில் சொல்லிவிட்டான். இந்த மகள் என்னவென்றால் அவனுக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுக்கிறாள்.

நாலாவதும் போயிற்று. மிஞ்சியது சுவரில் ஒரு படம்.

அதையாவது மீட்க வேண்டும். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் நடந்தார். இரவிச்சந்திரன் அடுத்த மாவுக்குக் கைவைத்திருந்தார்.

"தம்பி, இரவிச்சந்திரன். நீர் கொக்குவில், நான் பாஷையூர். மறைக்காமல் சொல்லுறன். இது பிறந்தநாளுமில்லை, ஒண்டுமில்லை. சம்பந்தம் பேசத்தான் வந்தனாங்கள்."

"தெரியும் அண்ணை."

"தெரியுமோ?" அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சரி, தெரிஞ்சால் தெரிஞ்சதுதான். அது குழம்பிப்போச்சு. அந்தப் படத்தை மட்டும் கழட்டித் தாரும். நாலுபேர் பார்த்தால் அந்த அம்மாவுக்குத்தான் மரியாதைக் குறைவு. என்ர மானம் போனாலும், அவவின்ர பேர் கெடக்கூடாது."

இரவிச்சந்திரன் போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளை கிழிப்பதற்காகத்தான் வாங்கினார். கிழிக்குமுன் ஒருமுறை பார்த்தார். படத்தில் அவர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தெரிந்தது. தான் சிரித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

திரும்பிப் பார்த்தார். யன்னல் வெளிச்சத்தில், காகித முடியை இன்னும் கழற்றாமல், கத்தரின் அவருடைய தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் இவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் படத்தைக் கிழிக்கவில்லை. கோட்டின் உள்பையில், மிளகாய்த்தூள் இருந்த இடத்தில், பக்குவமாக வைத்தார்.

"அருமையான மனிசி" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "என்ன செய்யிறது, மகளுக்கு வாய்க்கேல்லை. சம்பந்தம் குழம்பிப்போச்சு."

இரவிச்சந்திரன் மாவை மேலே சுழற்றி எறிந்தார், ஏந்தினார், பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எப்பிடியண்ணை குழம்பும்? 'எங்கட அப்பாவும் அம்மாவும் சம்மதிச்சால் ஆவணியில அவை ரெண்டுபேருக்கும் கலியாணம், அவையைப் பக்கத்தில பக்கத்தில இருத்திவிடுங்கோ' எண்டு சொல்லித்தானே உங்கட மகளும் அவவின்ர மகனும் போன கிழமை வந்து இந்த மேசையைப் பதிஞ்சவை!"